பாத்ரூம் டைல்ஸ் வேலைக்குப் பிறகு வரும் தொல்லைகள்: உடைப்பதற்கு முன் காரணம் கண்டுபிடிக்க ஒரு வழிமுறை

பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாக டைல்ஸ் போட்டால், வேலை முடிந்த வாரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தொல்லை தலைகாட்ட ஒரு மழைக்காலமாவது ஆகும். அதற்குள் மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போயிருப்பார், பில் முழுதும் கொடுத்திருப்பீர்கள். அப்போது பதறிப்போய் ஆள் கூப்பிட்டால், வருகிறவர் முதலில் கேட்பது உளியும் சுத்தியலும்தான். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேயே கொத்திப் பார்ப்பார். தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, வெளியே வந்து முகம் காட்டும் இடம் இன்னொன்று என்பதால், பாதி வீடுகளில் நல்ல டைல்ஸ்தான் உடைபடுகிறது.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து ஆரம்பித்து, உடைக்காமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் சொல்கிறேன். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: ஒரு பென்சில், ஒரு ரசமட்டம், டார்ச், ஐந்து ரூபாய் நாணயம், இரண்டு பக்கெட், பழைய துணி, தடித்த பாலிதீன் பை. அப்புறம் பொறுமை. ஒரே நாளில் எல்லாச் சோதனையையும் செய்தால் எதுவும் தெரியாது.

## அடுத்த அறைச் சுவரில், அல்லது கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம்

வரும் புகார்களில் பெரியது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதல் வேலை, ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், பரவியிருக்கும் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். செங்கலும் கான்கிரீட்டும் தண்ணீரை மெதுவாகக் குடித்து மெதுவாகக் கக்கும். இன்று செய்த சோதனையின் பலன் நாளையோ நாளை மறுநாளோதான் தெரியும். கோடு இல்லாவிட்டால் "கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு" என்ற அளவில்தான் பேச்சு நிற்கும்.

பாத்ரூமுக்குள் தண்ணீர் மூன்று வழியில் இருக்கிறது. சுவருக்குள் அழுத்தத்தோடு எப்போதும் நிற்கும் குழாய்த் தண்ணீர் ஒன்று, வெளியேறும் கழிவுத் தண்ணீர் ஒன்று, தரையிலும் சுவரிலும் விழுகிற தண்ணீர் ஒன்று. எது கசிகிறது என்று பிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

குழாயிலிருந்து ஆரம்பியுங்கள். மாடித் தொட்டியிலிருந்து அந்தப் பாத்ரூமுக்கு இறங்கும் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் அந்தப் பாத்ரூமை யாரும் தொடாதீர்கள். யாரும் குளிக்காமலே ஓதம் கோட்டைத் தாண்டுகிறது என்றால், முதல் சந்தேகம் சுவருக்குள் இருக்கும் குழாய்தான். அடுத்த சில நாள் அந்த வால்வை மூடி வையுங்கள். ஓரம் காய்ந்து வந்தால் உறுதி. பிளம்பரிடம் குழாயைச் சோதிக்கும் பிரஷர் பம்ப் கொண்டுவரச் சொல்லி, குளிர்நீர் லைனையும் வெந்நீர் லைனையும் தனித்தனியாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் முள் அரை மணி நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். எது இறங்குகிறதோ அந்த லைன்.

குழாயின் நடுவில் ஓட்டை விழுவது அபூர்வம். டேப் பூட்டும் பித்தளை எல்போவிலும், கீஸரிலிருந்து வரும் இணைப்பிலும்தான் கசியும். வெந்நீருக்குச் சாதாரண பிவிசி குழாயைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது சூட்டில் இளகி இணைப்பை விட்டுவிடும். வெந்நீருக்கு சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாய்தான், அதற்குரிய பசையும் தனி. சாதாரண வெள்ளை பிவிசி குழாய்க்கு வாங்கிய பசையை மிச்சம் இருக்கிறதே என்று இதற்கும் தடவினால் சில மாதம்கூட நிற்காது.

குழாய் நன்றாக இருக்கிறதா? சரி, அடுத்தது கழிவு லைன். தரையை நனைக்காமல், நாணி டிராப்பின் (தரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால் கிண்ணம்) மேல் இருக்கும் ஜாலி மூடியை எடுத்துவிட்டு, புனல் வைத்து இரண்டு பக்கெட் தண்ணீரை நேராக உள்ளே ஊற்றுங்கள். இதில் மட்டும் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துக்கொள்ளலாம். கீழே சிவப்பாகச் சொட்டினால் டிராப்புக்குக் கீழே இருக்கும் இணைப்பு. கமோடுக்கும் இதே சோதனை. ஃபிளஷ் தொட்டியில் நிறத்தைக் கரைத்து ஒரு முறை இழுத்துப் பாருங்கள். தரையில் தேக்கும் தண்ணீரில் மட்டும் நிறம் கலக்காதீர்கள், டைல்ஸ் இடுக்கு அதைக் குடித்துவிட்டால் பிறகு போகாது.

மூன்றாவது, தரை. துணியைப் பாலிதீன் பையில் சுற்றி நாணி டிராப்பின் கழுத்தில் இறுக்கமாகத் திணியுங்கள். வாசல்படியில் களிமண்ணாலோ கலவையாலோ ஒரு சின்ன வரப்பு. ஓர் அங்குலத் தண்ணீர் கட்டி, சுவர் டைல்ஸில் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். கதவை மூடி வைத்தால் ஆவியாகிப் போவது சில மி.மீ. தான் இருக்கும். அதற்கு மேல் இறங்கினால் தரை குடிக்கிறது, அல்லது டிராப்பைச் சுற்றிய விளிம்பு குடிக்கிறது. எது என்று பிரிக்க வழி உண்டு. டிராப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வரப்பு கட்டி, அந்த வட்டத்துக்குள் மட்டும் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். என் அனுபவத்தில் தரையின் நடுப்பகுதியை விட இந்த வட்டம்தான் அடிக்கடி குற்றவாளி. பிவிசி டிராப்பின் வழுவழுப்பான கழுத்தில் சிமெண்ட் ஒட்டாது, காய்ந்ததும் மயிரிழை இடைவெளி விடும்.

நான்காவது, சுவர். டிராப் திறந்தே இருக்க, ஷவர் பக்கச் சுவரில் மட்டும் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். சோப்பு வைக்கும் மாடம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள். மாடத்தின் அடித்தட்டு உள்பக்கம் சாய்ந்திருந்தால் தினமும் அங்கே தண்ணீர் நின்று மூலை வழியாக இறங்கும். அது வெளிப்பக்கமாக மூன்று நான்கு மி.மீ. வாட்டம் கொண்டிருக்க வேண்டும்.

இந்த நிலையில் மேஸ்திரி சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜாயின்ட்ல ஒயிட் சிமெண்ட் அடிச்சா நின்னுரும் சார்." நிற்காது. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் சிமெண்ட் கிரௌட் தண்ணீரைத் தடுக்கும் பொருளே இல்லை, அது தண்ணீரை உறிஞ்சும். பழைய கிரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்ற பிசின் கிரௌட்டை அடைத்தால், கசிவு இடுக்கில் இருக்கும்வரை நல்ல பலன் தரும். டிராப் விளிம்புக்கும், தரையும் சுவரும் சேரும் மூலைக்கும், குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்துக்கும் எபாக்சி போதாது. அங்கே இளகித் தரும் சீலன்ட்தான் வேண்டும், ஏனென்றால் அந்த இடங்கள் கொஞ்சமாவது அசைந்துகொண்டே இருக்கும். தரையை விரிவாக உடைக்காமல் டிராப்பைச் சுற்றி நான்கு டைல்ஸை மட்டும் எடுத்து, கழுத்தைச் சொரசொரப்பாக்கி, வாட்டர்புரூஃப் பூச்சைக் கழுத்தின் மீதே ஏற்றி, திரும்ப ஒட்டிச் சரியான வீடுகள் நிறைய.

அடுக்குமாடி வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல், சங்கன் ஸ்லாப். பாத்ரூம் தரை கான்கிரீட்டை ஓர் அடிக்கும் மேலாகப் பள்ளமாக விட்டு, குழாய்களை ஓட்டி, மேலே ரொப்பியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தை இடித்த ஓடு, செங்கல் துண்டு, மண் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு ரொப்பியிருந்தால், பல மாதக் கசிவு தொட்டியாக அங்கே தேங்கி நிற்கும். இதில் ஏமாற்றும் விஷயம், மேலே கசிவை நிறுத்திய பிறகும் கீழே வாரக்கணக்கில் சொட்டும். சரிசெய்த மறுநாளே "நிற்கவில்லையே" என்று திரும்ப உடைக்க ஆரம்பிக்காதீர்கள். பென்சில் கோடு சுருங்குகிறதா என்று பாருங்கள்.

## தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது

குளித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் மூலையில் குளம் நிற்கிறது என்றால் வாட்டம் தப்பு. வேறு காரணம் தேட வேண்டாம், ஆனால் எங்கே தப்பு என்று தேட வேண்டும். ஒரு பக்கெட் தண்ணீரைத் தரை முழுக்க விசிறி ஊற்றி, பத்து நிமிடம் கழித்து நிற்கும் ஈரத்தின் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். குளிக்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு 1.5 செ.மீ., மற்ற இடத்தில் 1 செ.மீ. வாட்டம் இருந்தால் போதும். ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் அந்தக் கனத்துக்குத் தகடு வைத்துக் குமிழைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

குளம் ஜாலியைச் சுற்றியே நிற்கிறதா? ஜாலி டைல்ஸை விட ஒன்றிரண்டு மி.மீ. உயரமாக உட்கார்ந்திருக்கும். ஜாலியை எடுத்துத் தாழ்த்தினால் முடிந்தது. குளம் வாசல் பக்கம் நிற்கிறது என்றால் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்துதான் தண்ணீர் கதவுச் சட்டத்துக்குள் ஏறி மரத்தை ஊற வைக்கும். பாத்ரூம் தரை வெளி அறையை விட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருப்பது நல்லது. பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் இந்த ஓர் அங்குலம்தான் முதலில் காணாமல் போகிறது. உடைக்கும் செலவு மிச்சம் என்று அந்த முறையைப் பலரும் கேட்கிறார்கள். பழைய தரை கெட்டியாக இருந்து, ஓதம் இல்லாமல், வாட்டமும் சரியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நான் வேண்டாம் என்பேன்.

இன்னொரு காரணம் டைல்ஸின் அளவு. இரண்டடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸைத் தரையில் போட்டால் இடுக்கு குறைவு, பார்க்க விசாலம். ஆனால் வாட்டம் நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கி இறங்க வேண்டும், ஒரு டைல் வளையாது. எனவே நான்கு மூலையிலிருந்து டிராப்பை நோக்கிக் குறுக்காக வெட்டி இறக்க வேண்டும், அல்லது சுவரோரம் நீளமான சேனல் டிரைன் வைத்து ஒரே திசையில் சரிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் டைல்ஸை முழுசாகவே ஒட்டியிருந்தால் குளம் நிற்கத்தான் செய்யும், அதற்கு மேல்பூச்சு வைத்தியம் கிடையாது. ஓரடிக்கு ஓரடி சொரசொரப்பு டைல்ஸ் குளிக்கும் இடத்துக்கு இன்னும் நல்ல தேர்வு. இடுக்கு அதிகமாக இருப்பதால் காலுக்குப் பிடிமானமும் கிடைக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது முக்கியம்.

## தட்டினால் கூடு விட்ட சத்தம், அல்லது டைல்ஸ் கழன்று விழுகிறது

நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸிலும் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் தட்டுங்கள். கெட்டியாக ஒட்டிய இடத்தில் சத்தம் அடங்கிக் கேட்கும், விட்ட இடத்தில் எதிரொலிக்கும். விட்ட இடத்தை எல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். வரிசையாக ஒரு பட்டையாகப் போகிறது என்றால் அது கான்கிரீட் தூணோ பீமோ இருக்கும் இடமாக இருக்கும். கான்கிரீட்டின் வழவழப்பான முகத்தைக் கொத்தாமல் பூசியிருப்பார்கள், பூச்சே சேர்ந்து விலகியிருக்கும்.

கழன்று விழுந்த டைல் ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் முதுகைப் பாருங்கள். எல்லாக் கதையும் அங்கே எழுதியிருக்கும். நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று, மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டக் கோடுகள் அப்படியே பளிச்சென்று இருந்தால், கலவையை உருண்டை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இடையில் இருக்கும் வெற்றிடத்தில் தண்ணீர் ஓடிச் சுவர் முழுக்க ஓதம் பரவ அதுவே வழி. முதுகு முழுக்கச் சுத்தமாக, பசை எல்லாம் சுவரிலேயே பல்பல்லாக நின்றுவிட்டிருந்தால், சுவரில் தடவி நேரமாகி மேல்தோல் காய்ந்த பிறகு டைல்ஸை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில், ஜன்னல் திறந்திருந்தால், கால் மணி நேரத்திலேயே தோல் கட்டிவிடும். முதுகில் வெள்ளை மாவு கையில் ஒட்டினால், அதைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பசையோடு சேர்ந்து சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்திருந்தால் டைல்ஸ் மேலே குற்றமே இல்லை, அடியில் இருந்த பழைய பூச்சு செத்துப் போயிருக்கிறது.

இதோடு டைல்ஸின் வகையையும் பார்க்க வேண்டும். சுவருக்கென்று வரும் சாதாரண செராமிக் டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் அதைத் தொட்டியில் ஊறப் போட்டு, சிமெண்ட் பால் தடவி ஒட்டினார்கள். அது நன்றாகவே பிடித்தது. அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடக் குடிக்காது. குடிக்காத முதுகில் சிமெண்ட் பால் வேர் விட முடியாது. அதற்கு பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். பாக்கெட்டில் ஐஎஸ் 15477 என்ற எண்ணும் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். வகை 1 சாதாரண வேலைக்கு. விட்ரிஃபைடு, பெரிய அளவு, ஈரமான இடம் என்றால் வகை 2 அல்லது அதற்கு மேல் எந்த வகை என்று பாக்கெட்டைப் படித்து எடுங்கள். பசையால் ஒட்டும்போது டைல்ஸை ஊற வைக்கக் கூடாது.

ஒரே ஒரு டைலை மாற்ற: முதலில் அதைச் சுற்றிய நான்கு இடுக்கையும் மெல்லிய பிளேடால் அறுத்துவிடுங்கள். அப்புறம் நடுவில் தட்டி உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பினால் பக்கத்து டைல் வாய் உடையும். பழைய பசையை முழுதும் சுரண்டி, பல் வைத்த கரணையால் சுவரில் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிதாக ஒரு பூச்சுத் தடவி அழுத்துங்கள்.

தரை டைல்ஸ் இரண்டு திடீரென்று சத்தத்தோடு எழும்பிக் கூரை போல நிற்பதும் இதே குடும்பம்தான். இடுக்கே விடாமல் ஒன்றோடொன்று இடித்து ஒட்டியிருப்பார்கள். சூட்டில் விரிய இடம் இல்லாமல் மேலே எழும்பும். திரும்ப ஒட்டும்போது இடையில் குறைந்தது 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வையுங்கள், சுவரோரத்திலும் இடைவெளி விடுங்கள்.

## இடுக்கு கறுக்கிறது, உதிர்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது

மூன்றும் வெவ்வேறு.

கறுப்பு என்றால் பூஞ்சை. காற்றோட்டம் போதவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். பிளீச் போட்டுத் துலக்கினால் போகும், ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது: பிளீச் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

உதிர்ந்து பள்ளமானால் பெரும்பாலும் அதே ஆசிட்தான் காரணம். போர் தண்ணீர் உப்புக்கறை படிந்ததும் ஆசிட் ஊற்றித் துடைப்பத்தால் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். ஆசிட் கறையைக் கரைக்கும்போதே சிமெண்ட் கிரௌட்டையும் கரைக்கிறது. வாரா வாரம் செய்தால் ஒரு வருடத்தில் இடுக்கு வெறும் வாய்க்கால். உப்புத் தண்ணீர் வீடு என்றால் ஆரம்பத்திலேயே எபாக்சி கிரௌட் போடுவதுதான் நியாயமான செலவு. ஒட்டும்போது வழிந்த எபாக்சியை அது இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு டைல்ஸ் முகத்தில் படலம் படிந்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. முக்கியமாக, மேட் டைல்ஸில்.

வெள்ளையாகப் பூப்பது உப்பு. உள்ளே ஈரம் ஓடி, சிமெண்டில் இருக்கும் உப்பைச் சுமந்துகொண்டு வெளியே வந்து காய்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், போய்விடும். அதே கோட்டில் திரும்பத் திரும்பப் பூத்தால் அந்த இடத்துக்குப் பின்னால் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். மேலே சொன்ன ஓதச் சோதனைக்குத் திரும்புங்கள்.

## டிசைன் கோணல், நிறம் ஒட்டவில்லை

நீங்களே வரைந்து, வெட்டி, வண்ணம் சேர்த்துச் செய்யும் வேலையில்தான் இது வரும். முதலில் அட்டைப் பெட்டிகளைப் பாருங்கள். ஒரே மாடல் எண் இருந்தாலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் தனியாக இருக்கும். அது மாறினால் நிறம் அரை இழை தள்ளும், அளவும் அரை மி.மீ. தள்ளும். ஒட்டிய பிறகு இதற்கு வழியில்லை. வாங்கும்போதே நூற்றுக்குப் பத்து கூடுதலாக, ஒரே பேட்சில் வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு குழாய்க்காக மூன்று டைல்ஸ் உடைக்க நேர்ந்தால் அந்த மாடலே கடையில் இருக்காது.

பார்டர் பட்டை மூலையில் சந்திக்காமல் தள்ளி நிற்கிறது, அல்லது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சீவல் வந்துவிட்டது என்றால், சுவர் சதுரமாக இல்லை, அளந்து பிரிக்கவும் இல்லை. பழைய வீட்டுச் சுவர்கள் தூக்குகுண்டு போட்டால் மேலிருந்து கீழே இரண்டு செ.மீ. கூடச் சாய்ந்திருக்கும். அதைப் பூச்சில்தான் சரிசெய்ய வேண்டும், பசையைக் கனமாக அப்பி அல்ல. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவரின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்தால் வெட்டுத் துண்டுகள் இரு ஓரத்திலும் சமமாக விழும். சிக்கலான டிசைன் என்றால் ஒட்டுவதற்கு முன் ஹால் தரையில் முழுதும் பசை இல்லாமல் அடுக்கிப் பார்த்து, முதுகில் எண் போட்டுக்கொள்ளுங்கள். மரப்பலகை மாதிரி நீள டைல்ஸை பாதிக்குப் பாதி தள்ளி அடுக்கினால் விளிம்பு இடறும், ஏனென்றால் நீள டைல்ஸின் நடுப்பகுதி கொஞ்சம் வில்லாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி அடுக்குங்கள்.

அத்தங்குடி கல் பதித்த பாத்ரூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரைக்குடி பக்கத்து அத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்கிறார்கள். தண்ணீரில் ஊற வைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், சூளையில் சுடுவதில்லை. அந்த அழகின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே அதை ஷவருக்கு அடியில் போட்டு வீணாக்குவதைப் பார்க்க மனம் வராது. சோப்பும் உப்புத் தண்ணீரும் தினமும் விழுந்தால் மேல்முகம் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். ஏற்கெனவே திட்டு விழுந்திருந்தால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், வண்ணப் படலமே கரைந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய விட்டு, சில துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தேய்த்துத் துடைத்து எடுங்கள். இனி பதிக்கப் போகிறவர்கள் வாஷ்பேசின் பக்கத்து உலர்ந்த பகுதியில் மட்டும் பதித்து, கிரௌட் போடுவதற்கு முன்பே சீலர் ஒரு கோட்டிங் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் கிரௌட்டின் நிறம் கல்லில் ஏறாது.

## நாற்றம்

புதுப் பாத்ரூமில் சாக்கடை வாடை வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீரை நாணி டிராப்பில் ஊற்றுங்கள். வாடை நின்றுவிட்டால், டிராப்பில் தேங்கி நின்று வாயுவைத் தடுக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். விருந்தினர் பாத்ரூமில் இது சகஜம். ஊற்றிய சில மணி நேரத்திலேயே திரும்ப வந்தால், மேல்வீட்டு ஃபிளஷ் ஓடும்போது இந்தத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா, வைக்கவே இல்லையா என்று மொட்டை மாடியில் பாருங்கள். கமோடின் அடியிலிருந்து வாடை வந்தால் அதைத் தரையோடு சேர்க்கும் இணைப்பு சரியாக உட்காரவில்லை.

## ஷவரில் தண்ணீர் பலமில்லை

வேலை முடிந்த உடனே என்றால் மண்ணும் சிமெண்டும். டேப் முனையில் இருக்கும் சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றிக் கழுவுங்கள். முதல் நாளிலிருந்தே பலமில்லை என்றால் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். தண்ணீர்மட்டம் ஷவரை விட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிப் பாத்ரூமுக்குப் பல வீடுகளில் இருப்பது மூன்று மீட்டர், அதாவது 0.3 பார். கடையில் பார்த்த பெரிய மழை ஷவர் அதில் சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், அல்லது சின்ன ஷவருக்கு மாற வேண்டும். பம்ப் வைப்பதற்கு முன் பழைய லைனை அந்த அழுத்தத்துக்குச் சோதித்துவிடுங்கள்.

## உடைத்தே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டால்

சோதனைகள் எல்லாம் தரையையே காட்டினால் தயங்காமல் உடையுங்கள், ஆனால் வரிசை மாறாமல் செய்யுங்கள். வேலை தொடங்கும்போதே டிராப்பையும் கமோட் குழாயையும் சாக்கால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலவை உள்ளே விழுந்து கல்லாகும். குழாய் ஓட்டி முடித்ததும், மூடுவதற்கு முன், அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். துளை போட வரும் எவருக்கும் அது பயன்படும். பிரஷர் டெஸ்ட் இதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் மழுக்கி, மேலே ஃபைபர் வலைப் பட்டை வைத்து, இரண்டு கோட்டிங் வாட்டர்புரூஃப் அடியுங்கள். முதல் கோட்டிங் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. மற்ற சுவர்களில் ஓரடி உயரம் போதும், ஷவர் சுவரில் ஷவர் தலைவரை ஏற்ற வேண்டும். சிமெண்டில் கலக்கும் லிக்விடை மட்டும் நம்பி இந்தப் பூச்சை விடாதீர்கள். சங்கன் இருந்தால் பள்ளத்தின் அடியில் ஒரு முறை, ரொப்பி வாட்டம் கொடுத்த மேல்தளத்தில் ஒரு முறை என இரண்டு இடத்திலும் பூச வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சீலிங்கை நீங்களே போய்ப் பாருங்கள். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கத்தான் எல்லா மேஸ்திரியும் பார்ப்பார், டைல்ஸ் ஆட்களுக்குக் கூலி ஓடுகிறதே என்பார். வேலை பேசும்போதே இதை ஒப்பந்தத் தாளில் எழுதிவிட்டால் அந்தப் பேச்சு வராது. மட்டம் இறங்கினால் அங்கேயே திருத்தி மறுபடி 48 மணி நேரம். இறங்கவில்லை என்றால் தண்ணீரை வடித்து, பூச்சின் மேல் ஆணியோ உளியோ படாமல் ஒரு மெல்லிய கலவைப் பாதுகாப்பு போட்டு, டைல்ஸ் ஆளைக் கூப்பிடலாம்.